பொருள் எழுதாத அட்டை

உட்லண்ட்ஸ்,
9 ஜூலை 2024

அன்புள்ள சாதியா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் இருக்கும்போது எதற்கு இவள் நான் வேலை செய்யும் கிளினிக் முகவரிக்குத் தபால் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் தம்பி வேலை முடிந்து வந்ததும் என் போனைக் கேட்டு வாங்குகிறார். யாரோடு பேசினேன் என்பது மட்டுமில்லை, பகலில் எத்தனை சதவீதம் சார்ஜ் குறைந்தது என்பதையும் பார்க்கிறார். அதனால் லிட்டில் இந்தியா டியூஷன் சென்டரில், பிள்ளைகள் பெருக்கல் கணக்குப் போடும் நேரத்தில், யும்னாவின் வரைதாளில் எழுதுகிறேன். பின்பக்கம் தெரிவது யானை. எம்ஆர்டி ரயில் என்றும் சொல்கிறாள். நான்கு வயதில் இரண்டும் ஒன்றுதான் போல.

நேற்று லீவு சொல்லிவிட்டு ஷரியா நீதிமன்றத்துக்குப் போனேன். படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். போனேன், எண் சீட்டு எடுத்தேன், பிரிவதென்றால் என்ன வழி என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் நிக்காஹ் சான்றிதழைப் புரட்டி, அதனோடு இருந்த தக்லிக் தாளை எடுத்து வைத்து, இதை உங்கள் கணவர் மீறியிருக்கிறாரா என்றார். ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தாள். மலாயில் இருப்பதால் ஒருநாளும் படித்ததில்லை. பசார் மலாயில் மீன் வாங்கத் தெரியும் எனக்கு, அவ்வளவுதான்.

அவர் நிதானமாக விளக்கினார். மனைவியை நான்கு மாதம் விட்டுப் போனால், செலவுக்குக் கொடுக்காமல் இருந்தால், அவள் உடலுக்குத் தீங்கு செய்தால், அவள் இங்கே வந்து முறையிட்டு அது உண்மையென்று தெரிந்தால், ஒரு தலாக் விழும். மாப்பிள்ளை நிக்காஹ் அன்று தன் வாயாலேயே சொன்ன வாக்கு. வேறு வழிகளும் உண்டாம், அதற்கு நாள் பிடிக்குமாம். இதற்கு நல்ல சாட்சி இருந்தால் போதுமாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிவாசலில் பெண்கள் பக்கம் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத மாப்பிள்ளை ஓர் இடத்திலும் தடுக்காமல் படிக்கிறாரே என்று நிக்காஹ் செய்துவைத்த காதியே பாராட்டினார். நீங்கள்தானே அந்த மலாயைத் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்து ஒரு வாரம் பழக்கினீர்கள்? "அபாபிலா சாயா திங்கல்கன் இஸ்திரி சாயா" என்று அவரைப் போலவே சொல்லிக் கேலி செய்துகொண்டு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். "என் மனைவியை நான் விட்டுச் செல்லும்போதெல்லாம்" என்று அதற்கு அர்த்தமாம்.

மதினி, போன மாதம் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று உங்கள் அடுப்படியில் என் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். இடியப்பச் சட்டி சுட்டுவிட்டது என்றேன். நீங்கள் மேற்கொண்டு கேட்காமல் மருந்து தடவினீர்கள். சட்டிதான். ஆனால் ஆவிக்கு மேல் என் கையைப் பிடித்திருந்தது அவர். "எண்ணு" என்றார். பத்து வரைக்கும் எண்ணினேன்.

பார்த்ததை மட்டும் வந்து சொல்வீர்களா? பதிலை சென்டர் முகவரிக்கு, மங்களம் என்று பெயர் போட்டு அனுப்புங்கள். சென்டர் அந்த மங்களம் அக்காவுடையது. என்ன ஏது என்று கேட்காத மனுஷி.

ஜரீனா


தெம்பனிஸ்,
15 ஜூலை 2024

786

ஜரீனா தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை கிளினிக் கழிவறையில் நின்று படித்தேன். வெளியே ஒரு கிழவி கதவை இடிக்கிற இடி. வெளியே வந்ததும், "என்ன புள்ள, வவுறு சரியில்லையா?" என்று எனக்கே மருந்து சொல்லிவிட்டுப் போனாள்.

எடுத்த எடுப்பில் கோர்ட்டா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரிஸ்வான் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வாப்பா கப்பலில் போய்விட்ட காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியது நான். அவனுக்கு எதிரே போய் நின்று சத்தியம் செய் என்கிறாய். எழுத எப்படி மனசு வந்தது உனக்கு?

என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஒன் தம்பி, ஒன் தலவலி. கோர்ட்டுல என் பேரு வரக்கூடாது, அவ்வளவுதான் லா" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார் முகைதீன்.

மணிக்கட்டைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தது காயத்தை. அவன் கையைப் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை நீதிபதி கேட்கமாட்டார் என்றா நினைக்கிறாய்?

ஒன்று செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு நானே பேசுகிறேன். நீ கோர்ட்டுக்குப் போனதைச் சொல்லமாட்டேன். அன்றைக்கு நீ என்ன வாக்குக் கொடுத்தாய் தெரியுமாடா என்று எடுத்துச் சொன்னால் பயப்படுவான். அவனுக்குப் பயம் காட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

யும்னாவுக்கு இருமல் விட்டதா? ஐஸ் கொடுக்காதே.

சாதியா


உட்லண்ட்ஸ்,
2 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

பயப்படுவான் என்று எழுதினீர்கள். அவர் பயப்படவில்லை. படித்தார்.

உங்கள் வீட்டிலிருந்து திரும்பிய அன்று எனக்குப் பூ வாங்கி வந்தார். மறுநாள் தக்லிக் தாளை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கிராஞ்சி சைட்டில் யாரிடமோ கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி, டைப் அடித்து, லேமினேட் செய்து கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். யும்னாவின் ஸ்ட்ராபெரி காந்தம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து விரல் வைத்துப் படித்தார். நாலு மாசம் பிரிஞ்சி இருக்கக் கூடாது. செலவுக்குக் குடுக்காம இருக்கக் கூடாது. ஒடம்புக்குத் தீங்கு செய்யக் கூடாது.

"மூணே மூணுதானா ஜரீனா? வேற ஒண்ணுமே இதுல இல்லையே, பாத்தியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் விரல்கூட என் மேல் பட்டதில்லை. மறுநாளே செலவுக்குப் பணம் தந்தார், தருவதை வீடியோ எடுத்துக்கொண்டார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து படுக்கையறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அடுத்து குளியலறைத் தாழ்ப்பாள். "தாப்பா பத்தி அதுல எழுதியிருக்கா?" குளிக்கும்போது காலால் கதவை அடைத்துக்கொண்டு குளிக்கிறேன். அவர் உள்ளே வருவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரமாக என்னோடு பேச்சு இல்லை. எதுவானாலும் யும்னா வழியாகத்தான். "உம்மாட்ட சொல்லு, கொழம்புல உப்பு இல்ல."

யும்னா அந்த மூன்று வரியையும் பாட்டாக்கிவிட்டாள். லிஃப்டில் பாடுகிறாள். மேல்மாடி மலாய்ப் பெண்மணி, தமிழ் தெரியாதவர், கைதட்டி முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மனு கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் இருவரும் ஆலோசகரைப் பார்க்க வேண்டும், பார்த்தோம். மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். "எங்க லாத்தா எழுதிக் குடுத்தாங்க, துஆன்னு நெனச்சிப் படிச்சேன். எனக்கு மலாய் ஒரு வார்த்த தெரியாது" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல ஆலோசகர் எழுதிக்கொண்டார். பொருள் தெரியாமல் சொன்ன வாக்கு கட்டுப்படுத்துமா என்பதை நீதிபதிதான் பார்க்க வேண்டும் என்றார்.

ஆக, இப்போது காயத்தைவிட அந்த அட்டைதான் பெரிதாகிவிட்டது. பழக்கிய அந்த ஒரு வாரத்தில் அர்த்தத்தை அவரிடம் சொன்னீர்களா? சொன்னேன் என்று சொல்லுங்கள் மதினி. சொல்லாவிட்டாலும் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

ஜரீனா


தெம்பனிஸ்,
11 ஆகஸ்ட் 2024

786

ஜரீனாவுக்கு,

சொல்லவில்லை. மறந்துபோயும் இல்லை.

இதை யாரிடமும் பேசியதில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் பைக்கை உம்மா, மாமா மகனுக்கு ஒரு மணி நேரம் ஓட்டக் கொடுத்துவிட்டது. அதற்காக அவன் கத்தவில்லை. அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த உம்மாவின் பின்னால் போய் நின்றான். உம்மாவின் விரல்கள் விளிம்பில் இருக்கும்போது கதவைச் சாத்தினான். சாத்திப் பிடித்துக்கொண்டான். பிரசவத்துக்கு வந்திருந்த நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். பிறகு அவனேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பதினைந்து நாள் ஊட்டிவிட்டான். அவன் அழுத அழுகையைப் பார்த்து உம்மா எல்லாரிடமும் காற்றில் கதவு சாத்திவிட்டது என்று சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா இல்லாத புள்ள, பையன் எப்புடி?" என்று கேட்டார்கள். தங்கம் என்றேன்.

அந்த அட்டையை எழுதும்போது மூன்றாவது வரியில் என் பேனா நின்றது. பொருள் தெரிந்தால் இவன் வீம்புக்காவது படிக்கமாட்டான், நிக்காஹ் நின்றுபோகும். தெரியாமல் படித்துவிட்டால் அவன் கழுத்தில் ஒரு கயிறு கிடக்கும், நுனி உன் கையில் இருக்கும். அப்படித்தான் நினைத்தேன். "என்ன லாத்தா இது?" என்று கேட்டான். "பரக்கத்துக்கு ஓதுறது, படிடா" என்றேன். பழகும்போது அவன் நாக்கு புரளவில்லை என்று முதுகில் ஒன்று வைத்ததும் நினைவிருக்கிறது.

இன்னும் ஒன்று. அவன் படித்து முடித்ததும் காதி "பாஹாம்?" என்று கேட்டார். புரிந்ததா என்று அர்த்தம். அவன் திரை ஓரத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் "பாஹாம்" என்றான்.

அல்லாஹ்வை முன்வைத்து, அர்த்தம் சொன்னேன் என்று பொய் சொல்ல என்னால் முடியாது. என்னை வெறுத்துவிடாதே என்று கேட்கவும் வாய் வரவில்லை.

சாதியா


உட்லண்ட்ஸ்,
19 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

கயிற்றின் நுனி என் கையில் என்கிறீர்கள். என் கையில் ஒரு நுனி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? ஐந்து வருடம்!

மாமியின் மோதிர விரல் மடங்காது என்பதை மருமகளாக ஊருக்குப் போன முதல் நாளே பார்த்தேன். காற்று என்றார்கள். அந்த வீட்டில் எப்போதுமே காற்று அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு நேரமில்லை. இதைப் படியுங்கள்.

மூன்று வாரமாகச் சனிக்கிழமைகளில் யும்னாவை எல்லை தாண்டி ஜோகூருக்கு அழைத்துப் போகிறார். பொம்மை, ஐஸ்க்ரீம். முதல் வாரம் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் நன்றாக இருட்டி இஷாவுக்கு. நேற்று முன்தினம் பத்தரை மணி. சோதனைச் சாவடியில் கூட்டம் என்று யும்னாவைச் சொல்லவைத்தார். நான் சன்னலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பழக்குகிறார் மதினி. நீங்கள் அட்டையை வைத்து அவரைப் பழக்கியதைப் போல.

அவள் கடப்பிதழ் அவர் பையில் இருக்கிறது. போன வருடம் அவளுக்கு ஓசிஐ அட்டை எடுத்தார் இல்லையா, இந்தியாவுக்கு விசா இல்லாமல் போய்வர. பெற்றவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாள்களை நீட்டினார். நான் தோசை சுட்டுக்கொண்டே போட்டேன். ஒரு தாளையும் படிக்கவில்லை. பட்டம் வாங்கிய பெண்.

ஃபிரிட்ஜில் இருக்கும் மூன்று வரியிலும் குழந்தையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை அவர் எனக்கு முன்னாலேயே கவனித்துவிட்டார்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். காயத்தைப் பார்த்ததைச் சொல்லுங்கள். காதி கேட்டதையும், அவர் உங்களைப் பார்த்ததையும், நீங்கள் தலையசைத்ததையும் சொல்லுங்கள். மாமியின் விரலையும் சொல்லுங்கள். விசாரணை நவம்பர் 13. யும்னா அதுவரைக்கும் இங்கே இருந்தால் போதும்.

ஜரீனா


தெம்பனிஸ்,
8 செப்டம்பர் 2024

786

ஜரீனா,

வருகிறேன்.

மூன்று வாரம் யோசித்தேன் என்று நினைக்காதே. ஒரே நாளில் முடிவு செய்துவிட்டேன், மீதி நாளெல்லாம் என் வீட்டுக்காரரோடு போராட்டம். கடைசியில் நேற்று பசியாற உட்கார்ந்தபோது, "விரல் கதை நெசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அரை மணி கழித்து வந்து, "பதிமூணாம் தேதி நான் கார்ல கொண்டு விடுறேன். உள்ள வரமாட்டேன்" என்றார். அவருக்கு அதுவே பெரிது.

நடந்ததை நடந்தபடி சொல்வேன். என் தலையசைப்பையும் சேர்த்து. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். விசாரணை வரைக்கும் அவனைச் சீண்டாதே. சனிக்கிழமையைத் தடுக்காதே. தடுத்தால் அவனுக்குச் சந்தேகம் வரும், அப்புறம் என்ன செய்வான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெற்ற பிள்ளை மேல் அவனுக்கு உயிர். யும்னாவை ஒன்றும் செய்யமாட்டான். அவனைத் தூக்கி வளர்த்தவள் சொல்கிறேன்.

பத்து வாரம்தான். பல்லைக் கடித்துக்கொள்.

சாதியா


உட்லண்ட்ஸ்,
17 நவம்பர் 2024

மதினிக்கு,

நீங்கள் ஊருக்கு விமானம் ஏறி மூன்று நாளாகிறது. போனில் ஒன்றும் பேச முடியவில்லை. நீங்கள் ஹலோ என்றவுடனே பக்கத்தில் அவர் குரல் கேட்கிறது, "ஸ்பீக்கர்ல போடுங்க லாத்தா." அதனால் முகைதீன் நானா நாளை புறப்படும்போது இதை அவர் கையில் கொடுக்கிறேன். இத்தனை மாதம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மனிதர், "நானும் போறேன்மா" என்று அவராகவே சொன்னார்.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை நான் தடுக்கவில்லை. நீங்கள் சொன்னபடி. காலில் சிவப்புச் சப்பாத்து மாட்டிவிட்டேன், தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. ஞாயிறு மதியம் ஊரிலிருந்து படம் வந்தது. மாமியின் மடியில் யும்னா. படத்தின் கீழே, "நாலு மாசம் ஆகாது, அதுக்குள்ள நீ வந்துருவ" என்று எழுதியிருந்தார்.

போலீசில் சொன்னேன். பரிவாகத்தான் கேட்டார்கள். பெற்ற தகப்பன், தடை உத்தரவு எதுவும் இல்லை, இன்னொரு நாடு. எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை நீதிமன்றத்தில் நீங்கள் என் பக்கத்தில்தான் இருந்தீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் நடந்தது என்று நம்ப முடிகிறது. அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். நீதிபதி வழக்கை ஜனவரி 15-க்குத் தள்ளிவைத்தார். அன்றைக்கும் அவர் வராவிட்டால் நம் சாட்சியத்தை வைத்தே விசாரிக்கலாமாம். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கும் உத்தரவு கேட்கலாமாம். எல்லாம் கிடைக்கும் என்று சட்ட உதவி வழக்கறிஞர் சொல்கிறார். கிடைக்கும். அந்த உத்தரவு இந்தத் தீவின் கரை வரைக்கும் நடக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

அவளுக்கு இரவில் கால் வலிக்கும். பிடித்துவிட்டால் தூங்கிவிடுவாள். என்ன கேட்கிறார் அவர்? அதை மட்டும் சரியாகக் கேட்டு எழுதுங்கள்.

ஜரீனா


நாகூர்,
4 டிசம்பர் 2024

786

ஜரீனா,

என் வீட்டுக்காரர் திரும்பும்போது இதைக் கொண்டுவருவார். உள்ளே ஓர் அட்டை வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி.

யும்னா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். கால் பிடித்துவிடுவது உம்மா, மடங்காத விரலோடு. முதல் வாரம் உன்னைக் கேட்டு அழுதாள். இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "உம்மா பரீட்ச எழுதிட்டு வரும்" என்கிறாள். அவன் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான்.

அவன் குரல் உயர்த்துவதில்லை. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறான். ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிறான். ஜமாஅத் ஆட்கள், "ஒங்க தம்பி மாதிரி உண்டா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

அவன் கேட்பது இதுதான். நீ ஜனவரிக்கு முன்னால் இங்கே வர வேண்டும். உம்மா முன்னால், என் முன்னால், ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் முன்னால் நின்று இந்த அட்டையில் இருப்பதை வாசிக்க வேண்டும். தடுக்காமல். வாசித்தால் யும்னாவை உன் கையில் தருவானாம். அவன் கையாலேயே எழுதியது. மலாய், தமிழ் எழுத்தில். கிராஞ்சியில் அவனோடு வேலை செய்த யாரையோ கேட்டு எழுதியிருக்கிறான்.

நான் ஒரு தடவை ஓடவிட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று, "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"நீங்க குடுத்தப்ப நான் கேட்டனா லாத்தா?" என்றான்.

பொருளை நான் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தேன், மூன்று தாளைக் கிழித்தேன். வராதே என்று சொல்லவும் முடியவில்லை, வா என்று சொல்லவும் முடியவில்லை. சனிக்கிழமையைத் தடுக்காதே என்று சொன்ன வாய் இது.

சாதியா


உட்லண்ட்ஸ்,
15 டிசம்பர் 2024

சாதியா மதினிக்கு,

இதை ஊரில் முகைதீன் நானாவின் தங்கை வீட்டு முகவரிக்கு கூரியரில் அனுப்புகிறேன். நான் வருவதற்கு முன் உங்கள் கைக்கு வந்துவிடும்.

மறுபடியும் எனக்குப் பொருள் சொல்லவில்லை நீங்கள். பரவாயில்லை. "அனாக் சாயா" என்று இரண்டு இடத்தில் வருகிறதே, அது எனக்கே தெரியும். என் பிள்ளை. மீதியைத் தெரிந்துகொள்ள மேல்மாடிக்குப் போனேன், யும்னாவின் பாட்டுக்குக் கைதட்டிய அந்தப் பெண்மணி வீட்டுக்கு. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, நான் வாசித்தேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே என்று சிரித்தவர், இரண்டாவது வரியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அர்த்தம் சொன்னார். நான் உங்களுக்கு எழுதியே தீர வேண்டும்.

"என் கணவரைப் பற்றி நான் எங்கே முறையிட்டாலும், அவர் அனுமதியின்றி வீட்டை விட்டுப் போனாலும், அந்த நொடியிலிருந்து என் பிள்ளை என் பிள்ளை இல்லை. இதைப் புரிந்துகொண்டு, என் விருப்பத்தின் பேரில், அல்லாஹ்வைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்."

எந்த நீதிமன்றமும் இதை ஒரு பொருட்டாக எடுக்காது என்று வழக்கறிஞர் சொல்கிறார். மங்களம் அக்கா, "இதெல்லாம் ஒரு பேப்பராம்மா? கிழிச்சிப் போடு" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் நீதிமன்றம் இங்கே இருக்கிறது. யும்னா அங்கே இருக்கிறாள். அந்த இரண்டு பெரியவர்களுக்கும் மலாய் தெரியாது. நான் வாசிப்பதை துஆ என்று நினைத்து ஆமீன் சொல்வார்கள். மாமியும் சொல்வார்கள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். 28-ஆம் தேதி வருகிறேன். திரும்பி வர ஜனவரி 12-க்கு இரண்டு டிக்கெட், ஒன்று பெரியவர், ஒன்று குழந்தை. 15-ஆம் தேதி என் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். முதல் முறையிலேயே எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசை.

தினமும் பழகுகிறேன். பேருந்தில், பாத்திரம் கழுவும்போது, பிள்ளைகள் கணக்குப் போடும்போது. எங்கேயும் தடுக்கவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த தாளை எடுத்துவிட்டு இந்த அட்டையை அங்கே ஒட்டியிருக்கிறேன், அதே ஸ்ட்ராபெரி காந்தத்தில்.

நான் வாசித்து முடித்ததும் அவர் "பாஹாம்?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார், அதற்காகத்தானே இத்தனையும். அந்தக் கூடத்தில் இந்தச் சொற்களின் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்றே பேர் இருப்போம். அவர், நான், நீங்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால் நான் திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன், மதினி.

ஜரீனா